தினம் அலசிய ஃபில்டர்

சந்தியாகுவுக்குத் தன் பிறந்த தேதி தெரியாது. கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1970 ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை என்று இருக்கிறது. அதற்கு முந்தைய நாள் சந்தியாகப்பர் திருநாள் என்பதால் அந்தப் பெயரை வைத்தார்கள். பள்ளிக்கூடம் நான்காம் வகுப்பு வரை. பதினொன்றாம் வயதில் தகப்பனாரோடு படகு ஏறினார். அன்றிலிருந்து மனைவி நோயில் விழும்வரை, காய்ச்சல் நாட்களும் புயல் எச்சரிக்கை நாட்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் நீங்கலாக அவர் வலை போடாத நாள் இல்லை.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் மேட்டில் இருக்கிறது. தொண்ணூற்று நான்கு வீடுகள். பழவேற்காட்டுக்குப் படகில் நாற்பது நிமிடம், அங்கிருந்து பொன்னேரிக்கு பஸ். மேற்கு வரிசையில் ஏழாவது வீடு சந்தியாகுவுடையது, பத்தாவது என்னுடையது. நான் அரசு வேலையில் முப்பத்தோரு ஆண்டுகள் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகும் குப்பத்துக் கிணறுகள் பன்னிரண்டை ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி அளந்து நோட்டில் குறிக்கிறேன். கீழே வரும் தேதிகளும் அளவுகளும் அந்த நோட்டிலிருந்தும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளிலிருந்தும் எடுத்தவை. மற்றவை சந்தியாகுவும் அவர் மனைவி எலிசபெத்தும் சொன்னவை.

வலை அலசுவதில் சந்தியாகுவைப் போல இன்னொருவரை எங்கள் குப்பத்தில் பார்க்க முடியாது. கரைக்கு வந்ததும் மற்றவர்கள் மீனைப் பிரித்துப் போட்டுவிட்டு வலையை இரண்டு உதறு உதறிக் காயப்போடுவார்கள். இவர் முழங்கால் தண்ணீரில் நின்று, நரம்பு வலையை முழம் முழமாகக் கைமாற்றி, சேறும் பாசியும் சொறிமீனின் கொழகொழப்பும் போகும்வரை அலசுவார். கடைசி முழத்தைப் பிழிந்தால் கையில் வடிவது தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டும். அதுவரை கரையேற மாட்டார். ஒருநாள் நான் நேரம் பார்த்தேன், ஐம்பத்திரண்டு நிமிடம். பக்கத்து வீட்டுத் தனக்கோடி அவரைக் கேலி செய்வார்: "உன் வலையைத் தோள்ல போட்டுக்கினு கண்ணாலத்துக்கே போலாம்டா, பட்டு அங்கவஸ்திரம்னு நெனச்சிக்குவாங்க." சந்தியாகு அலசிக்கொண்டே இருப்பார். ஒரே வலையை அவர் ஆறு ஆண்டுகள் வைத்துக்கொண்டார். தனக்கோடி அதே காலத்தில் மூன்று வாங்கினார்.

எலிசபெத் தோணிரேவுக்காரர். 1994 மே மாதம் கல்யாணம். ஒரே மகள் பெனிட்டா, மீஞ்சூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எலிசபெத் கரையில் மீன் பிரிப்பார், மதியத்துக்கு மேல் மற்றப் பெண்களோடு மணலில் கருவாடு காயப்போடுவார். கணவரைப் பெனிட்டா நைனா, அதாவது பெனிட்டாவின் அப்பா, என்றுதான் கூப்பிடுவார். நல்ல பேச்சுக்காரர். கருவாட்டுக் களத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால் நடுவில் அவர் இருப்பார்.

2023 டிசம்பரில் அவருக்குக் கால் வீங்கியது. பொன்னேரியில் பார்த்து, அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். இரண்டு கிட்னியும் பாதிக்குமேல் வேலை செய்யவில்லை என்றார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் என்று ஒன்றைப் பார்ப்பார்கள், அது ஒன்றைத் தாண்டக் கூடாது. எலிசபெத்துக்கு 2.3. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாராம்: பிரஷர் ஏறாமல் பார்த்துக்கொண்டால், அதற்கு உப்பை அடியோடு குறைத்தால், ஐந்து வருடம், எட்டு வருடம்கூட மெஷினுக்குப் போகாமல் ஓட்டலாம். விட்டுவிட்டால் சீக்கிரமே மெஷின்.

மெஷின் என்றால் என்ன என்று எங்கள் குப்பத்துக்கு விளக்க வேண்டியதில்லை. கிழக்கு வரிசைத் தருமன் 2021இல் மெஷினில் ஏறினார். வாரம் இரண்டு தடவை, ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விடுவார்கள். அதற்குச் சென்னை வரை படகு, பஸ், ரயில். காற்று எழும்பினால் படகு விடமாட்டார்கள். இரண்டு முறை தவறினால் மூச்சு வாங்கும். தருமன் பதினான்கு மாதம் தாங்கினார். கடைசி வாரத்தில் மூன்று நாள் படகு ஓடவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு படகுத் துறையில் நின்ற நால்வரில் சந்தியாகுவும் ஒருவர்.

ஆகவே எலிசபெத் மெஷினுக்குப் போகக் கூடாது. அந்த டிசம்பரிலிருந்து சந்தியாகுவின் வாழ்க்கையில் வேறு குறிக்கோள் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வீட்டு உப்பு ஜாடியை எடுத்துப்போய்ப் படகில் வைத்தார். தான் சாப்பிடும்போது மட்டும் ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து போட்டுக்கொள்வார். ஊறுகாய் கிடையாது, அப்பளம் கிடையாது, கருவாடு அறவே கிடையாது. எலிசபெத் உப்பில்லாத சோற்றை முதல் மாதம் அழுதுகொண்டே தின்றார்.

அடுத்து தண்ணீர். நல்ல சுத்தமான தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கிணறு ஏழு உறை இறக்கிய மணற்கிணறு, பதினோரு அடி ஆழம். தண்ணீர் தித்திப்பு, ஆனால் இரும்புக் காவி. குடத்தில் ஊற்றி வைத்தால் ஒரு மணி நேரத்தில் சிவக்கும், துருவாடை வரும். வடிகட்டும் துணி ஒரு வாரத்தில் காவி வேட்டி ஆகிவிடும். முப்பது வருடமாக அதைத்தான் குடித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெனிட்டா வந்து பார்த்து, இந்தத் தண்ணியையா அம்மா குடிக்குது என்று அழுதாள். கம்பெனியில் யாரையோ விசாரித்து, பொன்னேரியிலிருந்து ஃபில்டர் மாட்டும் கண்ணப்பனை ஏற்பாடு செய்தாள்.

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை, கண்ணப்பன் படகில் சாமான்களோடு வந்து இறங்கினார். அன்று நான் அளக்கும் நாள் என்பதால் கூடவே இருந்தேன். நாலரை அடி உயர நீல உருளை. அடியில் கூழாங்கல், அதற்குமேல் மணல், அதற்குமேல் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் கருப்புச் சரக்கு. தலையில் ஒரு பிடி. பிடியை ஒரு பக்கம் திருப்பினால் தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கிச் சுத்தமாகி வரும். மறுபக்கம் திருப்பினால் கீழிருந்து மேலே பாய்ந்து, சரக்கில் சிக்கிய காவியை அள்ளிக்கொண்டு வெளியே கொட்டும். அதை பேக்வாஷ் என்கிறார்கள். பேக்வாஷுக்கு வேகம் வேண்டும் என்று ஒரு குதிரைத்திறன் மோட்டார் வைத்தார். உறிஞ்சும் குழாயைக் கிணற்றின் அடியிலிருந்து ஒரு சாண் மேலே வரை இறக்கினார். தண்ணீர் குறையவே குறையாது என்றார். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும், பேனா போன்ற ஒரு மீட்டரை நனைத்துப் பார்த்தார். 480 காட்டியது, குறையக் குறைய நல்லது. பொன்னேரியிலேயே இவ்வளவு நல்ல தண்ணி இல்லை என்று சொன்னார்.

பிறகு பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்தார். வாரத்துக்கு ஒருமுறை பேக்வாஷ், தண்ணீர் தெளிவாக வரும்வரை, பத்து நிமிடம் போதும்.

சந்தியாகு கேட்டார்: "வாரத்துக்கு ஒரு தபாவா? அழுக்கைப் புடிச்சி வெச்சிக்கினு ஏழு நாளா? அலசாத வலையை ஒரு ராத்திரி போட்டு வெச்சாலே நாத்தம் புடுங்கும் சார்."

கண்ணப்பன் சிரித்தார். "உங்க இஷ்டம். கழுவறதால இன்னா கெட்டா போவப்போவுது?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரியாமல் சொன்னார். அவர் வேலை பார்ப்பதெல்லாம் எண்பது அடி, நூறு அடி போர்வெல்களில். மணல் மேட்டுக் கிணறு அவருக்குப் புதிது.

மறுநாளிலிருந்து சந்தியாகு கரைக்கு வந்து வலையை அலசி முடித்ததும் வீட்டுக்குப் போய் ஃபில்டரை அலசினார். முதலில் பழுப்பாக வரும், பிறகு மஞ்சளாகும், பிறகு லேசான மங்கல். அந்த மங்கல் போவதற்குத்தான் நேரம் பிடிக்கும். கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். துளி நிறம் இருந்தாலும் இன்னும் விடுவார். தினமும் முக்கால் மணி நேரம். நான் பின்னால் கணக்குப் போட்டேன். அந்த மோட்டார் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து லிட்டர் இறைக்கும். முன்பு அந்த வீட்டுக்கு நாளைக்குப் பதினாறு குடம், அதாவது இருநூற்று நாற்பது லிட்டர் இறைத்தார்கள். இப்போது அலசுவதற்கு மட்டும் இரண்டாயிரம் லிட்டர். அதெல்லாம் கொல்லைப்புறக் குழாய் வழியே ஏரிக்குள் ஓடியது.

வீட்டுத் தண்ணீர் கண்ணாடி போல ஆனது. குடம் சிவக்கவில்லை, சோறு வெள்ளையாக வந்தது. முதல் இரண்டு மாதம் எலிசபெத் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு டம்ளர் எடுத்துக் கொடுத்தார்.

மே மாதம் கிரியேட்டினின் 2.6. பரவாயில்லை, ஆனால் பிரஷர் ஏறியிருக்கிறது என்று மாத்திரையைக் கூட்டினார்கள். ஜூலையில் எலிசபெத் என்னிடமே ஒன்று சொன்னார். வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். உப்பில்லாத சோறு முதலில் தொண்டையில் இறங்கவில்லை, இப்போது பழகிவிட்டது, ருசியாகக்கூட இருக்கிறது, நாக்கைச் சொன்னபடி கேட்க வைத்துவிட்டேன் என்றார். அதில் ஒரு பெருமை இருந்தது. சந்தியாகுவும் தன் காகிதப் பொட்டலத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டதாகச் சொன்னார். குடத்தின் கழுத்தில் வெள்ளையாக ஏதோ படிந்ததை, சோப்பு நுரைக்காததை, எல்லாம் ஃபில்டரில் இருக்கும் சரக்கின் குணம் என்று எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் ஒரே நாளில் மாறியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். ஐந்து மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

ஆகஸ்ட் 13இல் 4.1. கால் வீக்கம் முட்டி வரை வந்துவிட்டது. டாக்டரம்மா இந்த முறை கோபித்துக்கொண்டார். உப்பு தின்கிறீர்கள், பொய் சொல்லாதீர்கள், உடம்பு காட்டிக்கொடுக்கிறது என்றார். எலிசபெத் மாதாவின் பேரில் சத்தியம் செய்தார். டாக்டரம்மா சந்தியாகுவைப் பார்த்து, உங்களுக்குத் தெரியாமல் சாப்பிடுகிறார்கள், கவனியுங்கள் என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சந்தியாகு எலிசபெத்தின் வலது கையைப் பிடித்து விரல்களை முகர்ந்து பார்த்தார்.

"கருவாட்டு நாத்தம்."

"களத்துல வேலை செய்யறவ கையி பின்ன இன்னா மல்லிப்பூவா மணக்கும்?"

"எங்கடி தின்ன? யார் குடுத்தா?"

"பெனிட்டா நைனா, நான் தின்னல."

"டாக்டரு பொய் சொல்றாங்களா?"

அடுத்த நாளே எலிசபெத் களத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். கையில் வாடை இல்லாவிட்டால் நம்புவார் என்று நினைத்தாராம். சந்தியாகு நம்பவில்லை. பானைகளைக் கவிழ்த்துப் பார்த்தார், பாய்க்கு அடியில் பார்த்தார், துணி மூட்டையைப் பிரித்தார். எங்கள் குப்பத்தில் கருவாடு பூட்டி வைக்கும் பொருள் அல்ல. வீட்டுக்கு வீடு வாசலில் காய்கிறது, கேட்டால் கை நிறைய அள்ளிக் கொடுப்பார்கள், கேட்காமலும் கொடுப்பார்கள். அதனால் ஆகஸ்ட் 18, ஞாயிறு பூசை முடிந்ததும் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: என் பெண்சாதி வந்து கேட்டால் கருவாடு கொடுக்காதீர்கள், ஒளித்து ஒளித்துத் தின்கிறாள். எட்டு வீடுகள். ஒன்பதாவதாக, தோணிரேவில் இருக்கும் எலிசபெத்தின் தங்கை ஜெஸ்ஸிக்கு போனில் சொன்னார்.

அந்த எட்டில் என் வீடும் ஒன்று. நான் நம்பினேன். அந்த வாரமே எலிசபெத் என் வாசலைக் கடந்தபோது, உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா, வாயைக் கட்டு என்று நானும் சொன்னேன். அவர் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

செப்டம்பரில் சந்தியாகு காலையிலும் மாலையிலும் இரண்டு வேளை ஃபில்டரை அலச ஆரம்பித்தார். ஒருவேளை எதுவோ அதைத் தாண்டி வருகிறதோ என்ற பயம். நாளைக்கு நாலாயிரம் லிட்டர். எலிசபெத்துக்கு ஓயாத தாகம். தாகம் எடுத்தபோதெல்லாம் அந்தத் தண்ணீரைக் குடித்தார். உப்பில்லாத கஞ்சியை அந்தத் தண்ணீரில் காய்ச்சினார். முகம் வீங்கிக் கண் சிறுத்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். ஒருமுறை சந்தியாகு கும்பிட்டுக் கேட்டாராம், ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிடு, திட்ட மாட்டேன் என்று. எலிசபெத், ஆமாம் தின்றேன் என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் அவர் ஓய்வார் என்று நினைத்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். எங்கே தின்றாய் என்று கேட்டபோது ஒரு வீட்டின் பெயரையும் அவரால் சொல்ல முடியவில்லை.

என் நோட்டில் அந்தக் கிணறு நலமாக இருந்தது. பிப்ரவரி 10: தரையிலிருந்து ஐந்தடி இரண்டு அங்குலம். செப்டம்பர் 10: ஐந்தடி ஐந்து அங்குலம். ஏழு மாதத்தில், கோடையும் தாண்டி, மூன்றே அங்குலம் இறக்கம். நான் அளந்தது மட்டத்தை, ருசியை அல்ல. முப்பத்தோரு ஆண்டு அளந்த கைக்கு அது தோன்றவில்லை.

அக்டோபர் நடுவில் பெரிய மழை. ஆற்று வெள்ளம் ஏரிக்குள் இறங்கியது. 19ஆம் தேதி சனிக்கிழமை சந்தியாகு முகத்துவாரத்துக்குத் தெற்கே வலை போட்டுவிட்டுக் காத்திருந்தார். வெள்ளக் காலத்தில் எங்கள் ஆட்கள் ஏரித் தண்ணீரையே குடிப்பது உண்டு. ஆற்று நீர் இலேசு, உப்பு நீருக்கு மேலே மிதந்து நிற்கும். கையைக் குவித்து மேலாக, ஆழம் போகாமல் அள்ள வேண்டும். அவர் அப்படி ஒரு கை அள்ளிக் குடித்தார். சேற்று மணம், ஆனால் தித்திப்பு. பிறகு வாயில் ஒட்டிய சேறு போவதற்காக வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டில் தண்ணீரை ஒரு வாய் ஊற்றினார்.

ஊற்றியதைத் துப்பிவிட்டார். மறுபடி ஏரித் தண்ணீரை அள்ளினார். மறுபடி பாட்டில்.

வலையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் படகைத் திருப்பினார். போட்ட வலையை எடுக்காமல் அவர் கரைக்கு வந்தது அந்த ஒரு நாள்தான். நேராக என் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு பாட்டில்கள், ஒன்றில் கலங்கலான ஏரித் தண்ணீர், ஒன்றில் கண்ணாடி போன்ற வீட்டுத் தண்ணீர். குடித்துப் பாருங்கள் என்றார். குடித்தேன். கண்ணாடி போல இருந்ததுதான் கரித்தது.

வாசற்படியில் உட்கார்ந்து சொன்னார்: "இத்தினி வருசமா ஏரியில பாத்தவன் நானு. நல்ல தண்ணி மேல நிக்கும், உப்பு கீழ நிக்கும். துடுப்பை ஆழமா போட்டா கீழ கீறது மேல வந்துரும். எல்லாம் தெரியும் பெரியவரே. எங்கூட்டுக் கெணறும் அதே மண்ணுலதானே கீது? கீழேர்ந்து நான்தான் உறிஞ்சி உறிஞ்சி மேல கொண்டாந்துட்டேன்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. மணல் மேட்டில் பெய்த மழை உப்பு நீருக்கு மேல் ஒரு படலமாகத்தான் நிற்கிறது. குடத்தால் மொண்டால் அது கலங்காது. அடியில் குழாயை இறக்கி ஆயிரக்கணக்கில் இறைத்தால் கீழேயிருந்து உப்பு எழும்பி வரும், மட்டம் மட்டும் அப்படியே இருக்கும். இரும்பைப் பிடிக்கும் ஃபில்டர் உப்பைப் பிடிக்காது.

22ஆம் தேதி கண்ணப்பன் வந்தார். மீட்டரை நனைத்தார். 2,150. அவர் முகம் செத்துவிட்டது. ஏரித் தண்ணீர் பாட்டிலில் பார்த்தார், 390. நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்: எலிசபெத் குடித்த அளவுக்கும் கஞ்சிக்கும் சேர்த்து, கூடுதலாக நாளைக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் உப்பு. சந்தியாகுவிடம் காகிதத்தைக் காட்டினேன். எலிசபெத் உள்ளே சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றே குழாயை மேலே தூக்கி, மோட்டாரைக் கழற்றினார்கள். வடக்குக் கோடியில் ருக்கு என்பவரின் கிணறு மோட்டார் இல்லாத வாளிக் கிணறு. அங்கிருந்து சந்தியாகு காலையும் மாலையும் குடம் சுமந்தார். மூன்று வாரத்தில் எலிசபெத்தின் முகம் வடிந்தது, கணுக்கால் தெரிந்தது, படுத்துத் தூங்கினார். சந்தியாகு என்னிடம் வந்து, இறங்கிடும் பெரியவரே, எல்லாம் இறங்கிடும் என்றார். அந்த மூன்று வாரம் மட்டும் அவர் முகத்தில் நம்பிக்கை இருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. கிரியேட்டினின் 6.4.

சந்தியாகு இரண்டு பாட்டில்களையும் டாக்டரம்மா மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னாராம். டாக்டரம்மா கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். உப்பு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் இவ்வளவு வேகத்துக்கு அந்தப் பிரஷர்தான் காரணம் என்றார். வீக்கம் இறங்கும், பிரஷரும் இறங்கும், கெட்ட கிட்னி திரும்பாது. அடுத்த மாதம் மெஷின். பிறகு எலிசபெத்திடம், நான் உங்களைத் திட்டியிருக்கக் கூடாது என்றார். எலிசபெத் அதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வரும் படகில் இவர்கள் இருவரும் ஓட்டுபவரும் மட்டும். நடு ஏரியில் எலிசபெத் கேட்டார்:

"எத்தினி வூட்ல சொன்ன?"

சந்தியாகுவுக்கு என்ன கேட்கிறார் என்று உடனே புரிந்தது. "ஒம்போது."

"போயி சொல்லிட்டு வா."

"இன்னானு சொல்றது?"

"நான் தின்னலனு சொல்லு. நான் மெஷின்ல ஏறதுக்கு முன்ன சொல்லிரு. அப்பறம் நான் செத்தா, வாயைக் கட்டாம செத்தானு பேசுவாங்க."

அவர் நவம்பர் 17, ஞாயிறு பூசைக்குப் பிறகு புறப்பட்டார். முதலில் என் வீட்டுக்கு வந்தார். நின்றுகொண்டே, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: எலிசபெத் கருவாடு தின்னவில்லை, நான்தான் தண்ணீரைக் கெடுத்தேன். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை நானும் நின்று கேட்டேன். அன்று மாலை எலிசபெத்தின் வாசலுக்குப் போய் நானும் என் பங்குக்குச் சொல்லிவிட்டு வந்தேன். மற்ற ஏழு வீடுகளில் சிலர், போவட்டும் விடுப்பா என்றார்கள். தனக்கோடி கேலியாக ஏதோ தொடங்கி, இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ருக்கு, எனக்கு அப்பவே தெரியும் என்றார். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

தோணிரேவுக்கு நேரிலேயே போனார். ஜெஸ்ஸி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அக்காவைப் பார்க்க ஆகஸ்ட் முதல் மூன்று தடவை வந்தவள், மூன்று தடவையும் கருவாடு கொண்டுவராமல் வெறுங்கையோடு வந்தவள். சந்தியாகு சொன்னதை அரிவாள்மனையிலிருந்து எழுந்திருக்காமல் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"தின்னுருந்தாகூட பரவால்ல மாமா. ஆசைப்பட்டதையாவது தின்னோம்னு இருந்துருக்கும். நீ அவளை வாயும் கட்டவெச்சி, உப்பையும் ஊட்டியிருக்க."

இதை என்னிடம் சொன்னபோது சந்தியாகு அழவில்லை. அந்த வார்த்தைகளை அப்படியே, ஒரு எழுத்து மாறாமல் சொன்னார் என்று நினைக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதிக்கொண்டேன்.

டிசம்பர் 9, திங்கட்கிழமை, பொன்னேரியில் எலிசபெத் மெஷினில் ஏறினார். திங்களும் வியாழனும் முறை. முதல் வியாழனே மழையால் படகு ஓடவில்லை. அதன்பின் மழைக்காலம் முடியும்வரை, படகு வேண்டாம் என்று, அக்கரையில் ஜெஸ்ஸி வீட்டில் தங்கினார். சந்தியாகு வாரத்தில் இரண்டு நாள் வலை போடாமல் கூடப் போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அங்கே இருப்பவர்களிடம், உங்கள் வீட்டுத் தண்ணீரை ருசி பார்த்தீர்களா, வெளியூர் ஆள் யாரையாவது கூப்பிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பாராம். கண்ணப்பன் மணல் மேட்டில் இப்போது ஃபில்டர் மாட்டினால் குழாயைத் தண்ணீருக்குள் இரண்டடிக்கு மேல் இறக்குவதில்லை, சின்ன மோட்டார் வைக்கிறார், பேக்வாஷ் வாரம் ஒன்று பத்தே நிமிடம் என்று சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு வருகிறார். போகும்போதெல்லாம் மீட்டரில் பார்த்து எனக்கு போனில் சொல்கிறார். நான் மட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு அதையும் எழுதுகிறேன்.

2025 பிப்ரவரி 10 அன்று சந்தியாகுவின் கிணற்றை அளந்தேன். மழை முழுவதும் இறங்கி மட்டம் நாலடி ஒரு அங்குலம். கண்ணப்பனிடம் கேட்டு வாங்கிவைத்த மீட்டரில் 560. எலிசபெத் ஜனவரியில் வீடு திரும்பியிருந்தார். வாசலில் உட்கார்ந்திருந்தார், கழுத்தெலும்பு தெரிய இளைத்து. மெஷினில் இருப்பவர்கள் அதிகம் தண்ணீர் குடிக்கக் கூடாது, வெளியே போக வழியில்லாமல் நெஞ்சில் கட்டிக்கொள்ளும். அவருக்கு நாளைக்கு மூன்று டம்ளர். அன்றைய மூன்றும் காலை பத்து மணிக்கே முடிந்துவிட்டிருந்தது.

560 என்று சொன்னேன். சந்தியாகு வாளியை விட்டு மேலாக மொண்டு, கொஞ்சம் கையில் ஊற்றிக் குடித்தார்.

"எப்டி கீது?" என்று எலிசபெத் கேட்டார்.

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "சப்புனு கீது. உப்பே இல்ல."

எலிசபெத் நாக்கால் உதட்டை ஒருமுறை ஈரமாக்கிக்கொண்டார். சந்தியாகு வாளியில் மீந்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் மெதுவாகக் கிணற்றுக்குள்ளேயே சரித்துவிட்டார்.